முற்றத்துக்கு என்ன போடுவது? மணல் முதல் இன்டர்லொக் வரை

யாழ்ப்பாணத்தில் இப்ப எந்த ஒழுங்கைக்குள்ளால் போனாலும் ஒரு வீடாவது புதிதாக எழும்பிக்கொண்டிருக்கும். அத்திவாரம், சுவர், கூரை, மதில், கேற் எல்லாம் முடிந்து, கையிலிருந்த காசும் முடியப்போகிற கட்டத்தில்தான் கடைசிக் கேள்வி வரும்: "முத்தத்துக்கு என்ன போடுறது?" மேசனார் இன்டர்லொக் கல்லுப் போடுவம் என்பார். கனடாவிலிருந்து மருமகன் வட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பி, வீட்டுக்குப் பின்னால் இப்பிடி ஒரு 'பற்றியோ' அடிச்சால் வடிவாயிருக்கும் என்பார். பக்கத்து வீட்டுக்காரர், கொங்கிறீற் போட்டால் புல்லுப் புடுங்கிற வேலை மிச்சம் என்பார். அம்மம்மா மட்டும், "முத்தம் முத்தமாவே கிடக்கட்டுமன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவா.

பார்வைக்கு இது ரசனை பற்றிய பேச்சு. எது வடிவு, எது மலிவு, எது கூட்டச் சுகம் என்பதுடன் முடிந்துவிடும். ஆனால் முற்றத்தில் போடப்பட்ட ஒவ்வொரு பொருளும் எங்கிருந்தோ தோண்டி எடுக்கப்பட்டது. யாரோ ஒருவர் அதைச் சுமந்தார், யாரோ ஒருவர் அதைத் தினமும் கூட்டினார், யாரோ ஒருவருக்கு அதில் கால்வைக்க அனுமதி இருக்கவில்லை. அதனால் முற்றத் தரையின் வரலாற்றை எழுதினால் அது எங்கள் சமூகத்தின் வரலாறாகவும் வந்து நிற்கிறது. நாங்கள் இங்கே எழுத முயல்வது அதைத்தான். கடைசியில், புது வீடு கட்டுகிறவர்கள் என்ன போடலாம் என்பதற்கும் வருவோம்.

பற்றியோ எண்டா என்ன?

முதலில் அந்தச் சொல். பற்றியோ என்பது ஸ்பானியச் சொல். இன்று இணையத்தில் தேடினால் வீட்டுக்கு வெளியே, தோட்டப் பக்கமாகக் கல் பதித்து, கதிரை மேசை போட்டு, இறைச்சி சுடுகிற அடுப்பும் வைத்த இடத்தைத்தான் காட்டும். அது ஆங்கிலம் பேசும் நாடுகளின் புறநகர் வாழ்க்கையில் அந்தச் சொல்லுக்கு ஏற்பட்ட பொருள். ஸ்பெயினில் பற்றியோ என்பது வீட்டுக்கு நடுவே, வானம் பார்க்கத் திறந்து கிடக்கிற உள்முற்றம். ரோமர்களும் பின்னர் அராபியர்களும் கட்டிய வீடுகளின் வழியில் வந்த அமைப்பு அது. தெற்கு ஸ்பெயினின் வெக்கைக்கு நடுவே நிழலும் தண்ணீரும் பூஞ்சாடியும் வைத்துக் குளிர்மையைப் பிடித்துவைக்கிற ஏற்பாடு. கோர்தோபா நகரில் வருடாவருடம் நடக்கிற பற்றியோத் திருவிழாவை யுனெஸ்கோ 2012இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இதை வாசிக்கிற யாழ்ப்பாணத்தவர் ஒருவர், "உது எங்கட நாற்சார் வீடெல்லே" என்று கேட்டால் அதில் பிழையில்லை. நடுவே சதுரமாக முற்றம், நாலு பக்கமும் உள்நோக்கிச் சரிகிற கூரை, சுற்றிவர விறாந்தை, அதற்குப் பின்னால் அறைகள். மழை பெய்தால் நாலு கூரைத் தண்ணியும் முற்றத்தில் விழும். சூடான காற்று மேலே ஏறிப்போக, விறாந்தையில் படுத்திருப்பவருக்குக் காற்றோட்டம் கிடைக்கும். தென்னிலங்கையின் பழைய வளவு வீடுகளிலும் இதே அமைப்பு உண்டு, சிங்களத்தில் அதை மெதமிதுல என்பார்கள். ஸ்பெயினிடமிருந்து நாங்களோ எங்களிடமிருந்து ஸ்பெயினோ படிக்கவில்லை. வெயில் கூடிய ஊர்களில் மனிசர் தனித்தனியாகக் கண்டுபிடித்த ஒரே மாதிரியான விடை அது. இப்ப நடக்கிற வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்குள் இருந்த எங்கள் பற்றியோவைக் கூரைபோட்டு மூடி 'ஹோல்' ஆக்கிவிட்டு, வீட்டுக்கு வெளியே வெயிலில் இன்னொரு பற்றியோவுக்குக் காசு செலவழிக்கிறோம்.

மணலும் சாணகமும்

தமிழ் இலக்கியத்தில் முற்றத்துக்குப் போடப்பட்ட முதல் பொருள் மணல். சங்க இலக்கியத்தில் ஒன்றான நெடுநல்வாடை பாண்டியனின் அரண்மனையை வர்ணிக்கும்போது, வேறிடத்திலிருந்து கொண்டுவந்து பரப்பிய மணல் உள்ள முற்றத்தைச் சொல்கிறது. கொண்டுவந்த மணல் என்பதுதான் எங்களுக்குச் சுவாரசியமானது. அன்றைக்கே முற்றத்துக்குப் பொருள் தெரிவுசெய்யப்பட்டிருக்கிறது, அது வண்டியிலோ தலையிலோ சுமந்துவரப்பட்டிருக்கிறது.

எங்கள் ஊர்களில் மணல் முற்றம் அண்மைக்காலம்வரை சாதாரணமான விசயம். மட்டக்களப்பின் கரையோரக் கிராமங்களிலும் வடமராட்சி கிழக்கிலும் நிலமே மணல். வலிகாமத்தின் செம்மண் வளவுகளுக்கு அது கொண்டுவரப்பட்டது. மணல் ஏன்? மழைத்தண்ணி நிற்காது, உடனே கீழே போய்விடும். செருப்பில்லாத காலுக்குச் சேறு ஒட்டாது. நிலவு நாட்களில் வெள்ளை மணல் வெளிச்சத்தைத் திருப்பித் தரும், விளக்கில்லாத காலத்தில் அது சின்ன விசயமில்லை. கூட்டி விட்ட மணலில் இரவு பாம்பு ஊர்ந்திருந்தால் விடியத் தடம் தெரியும். நெல்லுக் காயவைக்கவோ புழுக்கொடியல் காயவைக்கவோ பாய் விரிக்கலாம். பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கினால் எழுதிப் பழகவும் அதே மணல்தான்.

திண்ணைக்கும் விறாந்தைக்கும் மண்ணும் சாணகமும். களிமண்ணை அடித்து இறுக்கி, அதன்மேல் சாணகத்தைக் கரைத்துக் கையால் மெழுகுவார்கள். மாட்டுச் சாணகத்தில் உள்ள செரிக்காத நார் மண்ணைப் பிடித்துவைக்கிறது, வெடிப்பைக் குறைக்கிறது, காய்ந்த தரை தூசியும் பறக்காது. மண்தரை ஈரத்தை இழுத்து மெதுவாக விடுவதால் மத்தியான வெயிலிலும் காலுக்குக் குளிர்மை.

இதையெல்லாம் சொல்லும்போது "ஆகா, எங்கட முன்னோர்" என்று கண்கலங்குகிற பதிவுகள் முகநூலில் கனக்க வரும். அவற்றில் ஒரு ஆள் எப்பவும் காணாமல் போய்விடுகிறார். விடிய நாலு நாலரைக்கு எழும்பி, குனிந்து ஈர்க்கு விளக்குமாற்றால் முழு முற்றத்தையும் கூட்டி, சாணகம் கரைத்துத் தெளித்து, வெள்ளிக்கிழமைகளில் முழங்காலில் நின்று மெழுகிய பெண். சாணகத் தரை ஒருமுறை போட்டால் முடிகிற தரை இல்லை. வாரத்துக்கு வாரம் புதுப்பிக்கவேண்டியது. மழைக்காலம் என்றால் இன்னும் மோசம். சீமெந்து வந்தபோது அதை முதலில் வரவேற்றவர்களில் பெண்கள் இருந்திருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மரபுத் தரையின் அருமை பெருமை பேசுகிறவர்கள் அந்த முதுகுநோவையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

முத்தம் வரைக்கும்தான்

இன்னொரு ஆளும் அந்தப் பதிவுகளில் வருவதில்லை. பழைய யாழ்ப்பாண வீட்டின் முன்பக்கம் ஒரு படிவரிசை. படலை, முற்றம், திண்ணை அல்லது குந்து, விறாந்தை, பிறகு உள்வீடு. யார் எந்தப் படிவரை வரலாம் என்பது சாதியால் தீர்மானிக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதியினர் வேலைக்கு வந்தாலும் கலியாணத்துக்கு வந்தாலும் செத்தவீட்டுக்கு வந்தாலும் முற்றத்தோடு நிற்கவேண்டும். குந்தில் இருக்கக்கூடாது. தண்ணி கேட்டால் சிரட்டையிலோ பனையோலைப் பிளாவிலோ ஊற்றப்படும். அதே முற்றத்து மணலைச் சுமந்து கொட்டியவரும், அதே சுவருக்குக் கல் உடைத்தவரும், கூரைக்குப் பனை தறித்தவரும் அவர்களாகவே இருந்திருப்பார்கள்.

திண்ணையின் உயரம் இரண்டடியோ மூன்றடியோதான். ஆனால் அந்த இரண்டடியைத் தாண்டுவதற்கு ஒரு நூற்றாண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. பாடசாலைகளில் சம ஆசனம் கேட்டது, தேநீர்க் கடைகளுக்குள் போய் இருந்தது, பொதுக் கிணற்றில் அள்ளியது, 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்றது எல்லாம் அந்தப் படிவரிசையை உடைக்கிற வேலைதான். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் பேசியது பொது இடங்களைப் பற்றி. வீட்டு முற்றத்துக்குள் சட்டம் வரவில்லை. கே. டானியலின் நாவல்களை வாசிக்கிறவர்களுக்கு அந்த முற்றங்கள் எப்படிப்பட்டவை என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை. நாற்சார் வீட்டின் கட்டடக்கலையைப் புகழும்போது, அதே கட்டடக்கலை யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது அரைவாசி வரலாறு.

மலையகத்துக்குப் போனால் கதை வேறு. தோட்ட லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு காம்பராவும் முன்னுக்கு ஒரு இஸ்தோப்பும். முற்றம் என்று சொல்லக்கூடியது லயத்துக்கு முன்னால் ஓடுகிற ஒரு துண்டு நிலமும் காணும்தான். அது எல்லாக் குடும்பத்துக்கும் பொது, ஆனால் யாருக்கும் சொந்தமில்லை, நிலம் தோட்டத்தினுடையது. அங்கே முற்றத்துக்கு என்ன போடலாம் என்ற கேள்விக்கு முன்னால் முற்றம் யாருடையது என்ற கேள்வி நிற்கிறது. இருநூறு வருடமாக நிற்கிறது.

கல்லு, சுண்ணாம்பு, மலாயாக் காசு

எங்கள் வீட்டுப் பகுதிகளின் பெயர்களைப் பார்த்தாலே யார் யார் வந்துபோனார்கள் என்று தெரியும். விறாந்தை, யன்னல், கதிரை, குசினி எல்லாம் போர்த்துக்கேயர் வழியாக வந்த சொற்கள். மலையகத் தமிழில் இஸ்தோப்பு, சிங்களத்தில் இஸ்தோப்புவ, இரண்டும் ஒல்லாந்தரின் 'ஸ்தூப்'பிலிருந்து வந்தவை. 1619இல் போர்த்துக்கேயரும் 1658இல் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். ஒல்லாந்தர் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஐந்து மூலைக் கோட்டையைக் கட்டினார்கள். முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் இங்கே புதிதில்லை. நெடுந்தீவில் இன்றைக்கும் சாந்து பூசாமல் முருகைக்கல்லை அடுக்கிய வேலிகளைப் பார்க்கலாம். ஆனால் சாதாரண சனத்தின் வீடு மண்சுவரும் பனையோலை அல்லது கிடுகுக் கூரையுமாகத்தான் நெடுங்காலம் இருந்தது.

கல்வீடு பரவலானது பிரித்தானியர் காலத்தின் பின்பகுதியில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து ஆண்கள் மலாயாவுக்குப் போய்ப் புகையிரதப் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் வேலை பார்த்தார்கள். அந்தக் காசும் பிறகு வந்த பென்சனும் ஊரில் கல்வீடாக நின்றது. கூரைக்கு இந்திய மேற்குக் கரையிலிருந்து ஓடு வந்தது. 1865இல் மங்களூரில் பாசல் மிசன் தொடக்கிய ஓட்டுத் தொழிற்சாலையும் அதைப் பார்த்துப் பின்னர் எழுந்தவையும் அந்த ஓட்டை இந்து சமுத்திரம் முழுவதும் பரப்பின. பனை வளையும் சலாகையும் உள்ளூர், ஓடு இந்தியா, காசு மலாயா. இன்றைக்குக் கனடாக் காசில் வீடு கட்டுப்படுவதைப் பற்றி முகம் சுளிக்கிறவர்கள், 'பழைய பெருமை' என்று காட்டுகிற வீடுகளில் கனக்க வெளிநாட்டுக் காசில் எழும்பியவை என்பதை மறக்கக்கூடாது.

இந்தக் காலத்தில் முற்றம் மெல்ல இடம்மாறியது. வீதியைப் பார்த்தபடி தூண் வைத்த முன்விறாந்தையும் அதற்கு முன்னால் பூங்கன்றுகளும் கொண்ட பங்களாப் பாணி மதிப்புக்குரியதாகியது. நடு முற்றம் சுருங்கியது. பிறகு வந்த வீடுகளில் இல்லாமலே போனது.

எங்கட கல்லு, எங்கட சீமெந்து

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் முற்றத்தை மாற்றிய பொருள் சீமெந்து. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950இல், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. சீமெந்துக்கு வேண்டியதில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதுமே ஒரு சுண்ணாம்புக்கல் பாளம். மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த கல். தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே நிலத்தைத் தோண்டிக் கல் எடுத்தார்கள். அந்தச் சீமெந்து நாடு முழுக்கப் போனது.

யாழ்ப்பாணத்து வீடுகளின் சிவப்புத் தரை இந்தக் காலத்தின் அடையாளம். சீமெந்தோடு இரும்பொட்சைட்டுச் சாயம் கலந்து, மேற்பரப்பைக் கரண்டியால் திரும்பத் திரும்ப இழைத்து, காய்ந்தபின் மெழுகு தேய்த்து மினுக்குவார்கள். சிலவேளை ஓரத்தில் கறுப்புக் கரை. நல்ல மேசன் இழைத்த சிவப்புத் தரை ஐம்பது வருடம் போனாலும் வெடிக்காது. விறாந்தைக் குந்தும் சிவப்பு, முற்றத்தில் இறங்கும் படியும் சிவப்பு. முற்றம் மட்டும் பெரும்பாலும் மண்ணாகவே இருந்தது. கிணற்றடிக்கும் படலையிலிருந்து வாசல்வரைக்கும் ஒரு சீமெந்துப் பாதை, மிச்சம் மண். இதைக் கவனிக்கவேண்டும். சீமெந்து தாராளமாகக் கிடைத்த காலத்திலும் முற்றத்தை முழுதாக மூடவேண்டும் என்று அந்தத் தலைமுறைக்குத் தோன்றவில்லை.

அதே காலத்தில் கொழும்பில் வேறொன்று நடந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜெப்ரி பாவா ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு நடு முற்றத்தைச் சுற்றி அமைந்தது. மேல்வர்க்கத்தின் நவீன வீட்டுக்குள் மெதமிதுல திரும்பவும் வந்தது. அந்த வீடு மதிக்கப்பட்ட அளவைச் சொல்வதென்றால், பின்னாளில் அந்தக் காணி விற்கப்பட்டபோது வீட்டைக் கல்லுக் கல்லாகக் கழற்றிக்கொண்டுபோய் லுணுகங்கையில் மறுபடி கட்டினார்கள். வடக்கில் இருந்த நாற்சார் வீடுகளுக்கு அப்படி ஒரு அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. அவற்றைக் கழற்றியது ஷெல்.

பங்கர்

போர்க்காலத்தில் முற்றத்துக்கு என்ன போடுவது என்ற கேள்விக்கு விடை ஒன்றுதான்: குழி. 1980களின் பின்பகுதியிலிருந்து முற்றமோ கோடிப்புறமோ பங்கர் வெட்டாத வீடு குறைவு. எல் வடிவில் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்குமேல் மண்மூட்டை. அதற்காக வளவிலிருந்த பனையும் தென்னையும் தறிக்கப்பட்டன. கல்லுப் பாளம் மேலாக இருக்கிற இடங்களில் குழி ஆழமாக வெட்டமுடியாது, அங்கே மண்மூட்டையை உயர்த்தி அடுக்கினார்கள்.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது தடைசெய்யப்பட்ட பொருட்களில் சீமெந்தும் ஒன்று. அதே வருடம் காங்கேசன்துறைத் தொழிற்சாலை நின்றது. வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது, அந்த நிலம் உயர்பாதுகாப்பு வலயமானது. நாடு முழுவதுக்கும் சீமெந்து கொடுத்த ஊர், ஒரு மூட்டைச் சீமெந்துக்கு வழியில்லாத ஊரானது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே நடந்து வெளியேறியது. தென்மராட்சியிலும் வன்னியிலும் போய் இருந்த கொட்டில்களில் மண்தரையும் சாணக மெழுக்கும் திரும்ப வந்தன. இந்தமுறை மரபு என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

பிறகு, கட்டம் கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டபோது திரும்பிப்போன பலருக்கு வீடு இருக்கவில்லை. கூரை இல்லை, நிலை யன்னல் இல்லை, சுவர் இல்லை, எல்லை வேலியும் இல்லை. பற்றையை வெட்டிக்கொண்டுபோக, அடியில் சிவப்புச் சீமெந்துத் தரை தட்டுப்பட்டது. அதையும் கிணற்றையும் வைத்துத்தான் "இது எங்கட வளவு" என்று கனபேர் அடையாளம் கண்டார்கள். மேலே இருந்ததெல்லாம் களவுபோனபின்னும் தரையை மட்டும் ஒருத்தராலும் கழற்றிக்கொண்டு போகமுடியவில்லை.

மூடப்படுகிற முற்றம்

2009க்குப் பின் வடக்கு கிழக்கில் வீடு கட்டுவது ஒரு பெரிய அலை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபா, அளவு 550 சதுர அடி. அந்தக் காசு கூரைவரை போவதே பெரிய விசயம். கடன்பட்டு முடித்தவர்கள் இருக்கிறார்கள், பூச்சுப் பூசாமல் விட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் முற்றம் இன்றும் மண்தான். மறுபக்கத்தில் புலம்பெயர் காசில் எழும்புகிற வீடுகள். அங்கே மதிலில் இருந்து மதில்வரை இன்டர்லொக் கல் அல்லது கொங்கிறீற். இடையில் ஒரு சாண் மண் தெரியாது. மண் தெரிவது வறுமையின் அடையாளமாகவும் கல் தெரிவது வசதியின் அடையாளமாகவும் ஆகிவிட்டது. இப்படி மூடுவதில் ரசனையைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. குடிக்கிற, குளிக்கிற, தோட்டத்துக்கு இறைக்கிற தண்ணியில் பெரும்பகுதி நிலத்தடித் தண்ணி. அந்தத் தண்ணி பெரும்பாலும் ஒக்ரோபர் முதல் டிசம்பர்வரை பெய்கிற மாரிமழை, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கிச் சேர்ந்தது. சுற்றிவரக் கடல் என்பதால் நன்னீர் ஒரு வில்லை மாதிரி உப்புத்தண்ணிக்கு மேலே மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணி, ஆழத்துக்குப் போனால் உப்பு. சின்ன வயதில் சுற்றுலாபோய் எட்டிப் பார்த்த அந்தக் கிணறுதான் முழுக் குடாநாட்டின் மாதிரி. கோட்பாட்டளவில், கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே நாற்பது மீற்றர்வரை உப்பைத் தள்ளிவைக்கும். மேலே ஒரு மீற்றர் குறைந்தால் கீழே நாற்பது மீற்றர் போகும். எங்கள் கல்லு வெடிப்பும் குகையும் நிறைந்தது என்பதால் கணக்கு இவ்வளவு நேர்த்தியாக இராது. ஆனால் திசை அதுதான்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. ஒரு பரப்புக் காணி கிட்டத்தட்ட 250 சதுர மீற்றர். அதில் அரைவாசியை, அதாவது 125 சதுர மீற்றரை, கொங்கிறீற்றால் மூடினோம் என்று வைப்போம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர். கார்த்திகையில் 100 மில்லிமீற்றர் பெய்கிற ஒரு நாளில் அந்த முற்றத்தில் மட்டும் விழுவது 12,500 லீற்றர். கூரையில் இருக்கிற ஆயிரம் லீற்றர்த் தாங்கி மாதிரிப் பன்னிரண்டரைத் தாங்கி. மண்ணாக இருந்தால் அதில் கணிசமான பங்கு கீழே போயிருக்கும். மூடினால் அது கேற்றுக்குக் கீழால் ஒழுங்கைக்குப் போகும், ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும், பிறகு வாய்க்காலால் கடலுக்குப் போகும். பங்குனி சித்திரையில் அதே வீட்டுக்காரர் கிணறு அடிமட்டத்துக்குப் போட்டுது எண்டு குழாய்க்கிணறு அடிப்பார். அது ஆழத்தில் உப்பைத் தொடும். ஒரு வீடு செய்தால் ஒன்றுமில்லை. ஒரு ஊரே செய்தால் ஊர்க் கிணறுகள் தாங்காது. உரத்தாலும் மலகூடக் குழியாலும் சுன்னாகத்துக் கழிவெண்ணெயாலும் ஏற்கெனவே அடிபட்ட தண்ணி இது.

வெக்கை இன்னொன்று. கொங்கிறீற் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து இரவில் வெளியே விடும். அதனால் அறைக்குள் ஏசி வேண்டிவருகிறது. இலை விழுகிறது, குப்பை என்று வேம்பைத் தறித்தால் அந்தச் சூடு இன்னும் கூடும்.

அப்ப என்னதான் போடுறது?

எல்லாரும் சாணகத்துக்குத் திரும்புவோம் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் மெழுகப்போகிறவர்கள் இல்லை. வயதுபோனவர்கள் தடக்காமல் நடக்கவேண்டும், சக்கர நாற்காலி உருளவேண்டும், மழைக்குள் ஓட்டோ உள்ளே வரவேண்டும். இவற்றுக்கு உறுதியான தரை தேவை. கேள்வி எவ்வளவு, எங்கே, எப்படி என்பதுதான்.

நடக்கிற பாதைக்கும் வாகனம் நிற்கிற இடத்துக்கும் மட்டும் கல் போடுங்கள். மிச்சத்தை விடுங்கள். இன்டர்லொக்தான் வேண்டுமென்றால், கீழே கொங்கிறீற் ஊற்றி அதன்மேல் ஒட்டவேண்டாம் என்று மேசனாரிடம் முதலே சொல்லிவிடுங்கள். சல்லியும் அதன்மேல் மணலும் போட்டு இறுக்கி அடுக்கினால் கல்லின் இடைவெளிக்குள்ளால் தண்ணி இறங்கும். நடுவில் ஓட்டை உள்ள, புல் வளர்கிற கல்லும் கிடைக்கிறது. இருந்து கதைக்கிற இடத்துக்குச் சல்லிக்கல் பரப்பினாலே போதும். கூட்டுவதற்கு மணலைவிடச் சுகம், தண்ணியும் நிற்காது. பழைய வீடு இடித்தால் வருகிற ஓட்டுத்துண்டும் செங்கல்லும் பாதை ஓரத்துக்கு நல்ல பொருள். கூரைப் பீலித்தண்ணியை ஒழுங்கைக்கு விடாமல், சல்லி நிரப்பிய ஒரு குழிக்குள் விடலாம். மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் கிட்ட மட்டும் அதை வெட்டவேண்டாம்.

மணலைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பழைய முற்றத்துக்கு மணல் வண்டிலில் வந்தது. இன்றைக்கு ரிப்பரில் வருகிறது. வடமராட்சி கிழக்கின் மணல்மேடுகள் கடலுக்கும் ஊருக்கும் நடுவே நிற்கிற அணை. அங்கே மழைத்தண்ணியும் சேர்கிறது. முற்றத்தை 'இயற்கையாக' ஆக்குவதற்காக இன்னொரு ஊரின் இயற்கையைத் தோண்டிக்கொண்டு வந்தால் அதில் என்ன நியாயம்? இருக்கிற மண்ணிலேயே புல்லோ நிழல்மரமோ வைத்தால் மணல் வாங்கும் தேவையே பாதி குறையும்.

தைப்பொங்கல் அன்று இன்டர்லொக் முற்றங்களில் என்ன நடக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அடுப்புக்கு மூன்று கல்லு வைக்க மண் இல்லை. தகரத்தை விரித்து அதன்மேல் செங்கல் அடுக்கிப் பொங்குகிறார்கள். மெழுகிக் கோலம்போட ஒரு முழ நிலம் இல்லாத வளவில் பானை பொங்கி வழிகிறது. ஆகக் குறைந்தது அந்த ஒரு முழத்தையாவது விடலாம். விடப்போகிற மண்ணில் யார் வந்தாலும், எந்தச் சாதி என்று கேளாமல், கதிரை போட்டு இருத்தித் தண்ணி கொடுக்கவும் வேண்டும். பழைய முற்றத்தில் இல்லாதது அது. புது வீடு கட்டுகிறவர்கள் அதற்கு எந்தக் கடையிலும் பொருள் வாங்கத் தேவையில்லை.